மூன்று ஆபீஸ் ஐடியும் ஒரே ஜிமெயிலில் கொட்டுகிறது: ஃபில்டர் போட்டுப் பிரிக்க வழி உண்டா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர் | திங்கள், காலை 10.05

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கம்பெனி பெயரில் சொந்த டொமைன் இருக்கிறது. ஆர்டருக்கு ஒரு ஐடி, கணக்குக்கு ஒன்று, லாரி லோடுக்கு ஒன்று. மூன்றையும் பார்க்கிற ஆள் நான் ஒருத்தன்தான். அதனால் ஹோஸ்டிங்கில் ஃபார்வர்டர் போட்டு, மூன்றுக்கும் வருவது என் ஒரே ஜிமெயிலில் விழுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள்.

விழுவது சரி, பிரிப்பதுதான் பாடு. இந்தூர் பார்ட்டியின் ஆர்டர், ஆடிட்டர் கேட்கும் பில், லாரி ஆபீஸ் அனுப்பும் எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. அனுப்புகிறவரை வைத்து ஃபில்டர் போட்டால் வேலைக்கு ஆகவில்லை. ஒரே பார்ட்டி காலையில் 90 கிலோ மூட்டை 200 வேண்டும் என்று எழுதுகிறார், மதியம் பணம் போட்ட விவரம், சாயங்காலம் 'லாரி எங்கே'. மூன்றும் அவருடைய ஒரே ஐடியிலிருந்து வருகிறது.

சப்ஜெக்ட்டை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பாதிப் பேர் சப்ஜெக்ட்டே போடுவதில்லை. போடுகிறவர்கள் 'டியர் சார்' என்று போடுகிறார்கள். போன ஆடிக்கு வந்த மெயிலைத் தேடி எடுத்து, அதற்கே ரிப்ளை அடித்து உள்ளே புது ஆர்டர் எழுதுகிற மகராசன்களும் உண்டு.

இதற்கு என்ன ஃபில்டர் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி சர்வர் | திங்கள், காலை 10.31

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் சார், அப்புறம் பேசலாம். அப்படி வந்த ஒரு மெயிலைத் திறந்தால் 'ஃப்ரம்' இடத்தில் பார்ட்டி பெயர் இருக்கிறதா, உங்கள் கம்பெனி பெயர் இருக்கிறதா? 'டு' இடத்தில் எந்த ஐடி இருக்கிறது? வலது ஓரத்து மூன்று புள்ளியைத் தட்டினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். கம்ப்யூட்டரில்தான் வரும், போனில் தேடாதீர்கள்.

ஐந்து ரோடு ஆறுமுகம் | திங்கள், காலை 10.44

இதற்கெல்லாம் எதற்கு ஃபில்டர்? ஜிமெயிலில் தேடினால் எல்லாம் வருகிறது. நான் பல வருடமாக ஒரு லேபிள் கூட வைத்ததில்லை. பார்ட்டி பெயரை அடித்தால் இரண்டு விநாடியில் மெயில் கையில். பத்து ஃபோல்டர் வைத்துவிட்டு, எந்த ஃபோல்டரில் போனது என்று தேடுகிறவர்களைத்தான் ஆபீஸில் தினமும் பார்க்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர் | திங்கள், காலை 11.20

சர்வர் தம்பி, பார்த்துவிட்டேன். ஃப்ரம் இடத்தில் பார்ட்டியின் ஐடிதான். டு இடத்தில் எங்கள் ஆர்டர் ஐடி இருக்கிறது, என் ஜிமெயில் ஐடி அங்கே இல்லை. ஆனால் சில மெயிலில் டு இடத்தில் எங்களுடையது எதுவுமே இல்லை. லாரி ஆபீஸ்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிடும்போது அப்படி வருகிறது.

ஆறுமுகம் அண்ணா, தேடுவதற்கு ஒரு பெயர் தெரிய வேண்டும். எனக்கு மெயில் வந்திருக்கிறது என்பதே தெரியாதபோது எதைத் தேடுவது?

அஸ்தம்பட்டி சர்வர் | திங்கள், மதியம் 12.10

நல்லது, பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

ஃபார்வர்ட் என்று ஒரே பேரில் நாம் இரண்டு வேலையைச் சொல்கிறோம். ஒருவர் மெயிலைத் திறந்து ஃபார்வர்ட் பட்டனை அமுக்கி அனுப்பினால் அது புது மெயில். ஃப்ரம் இடத்தில் அமுக்கினவர் பெயர் வரும், சப்ஜெக்ட்டில் எஃப்.டபிள்யூ. ஒட்டிக்கொள்ளும், பழைய அனுப்புநர் விவரம் உடம்புக்குள் எழுத்தாகப் போய்விடும். உங்களுடையது சர்வர் தானாகத் திருப்பிவிடுவது. அதில் ஃப்ரம், டு இரண்டும் முதலில் எழுதியபடியே இருக்கும். மெயில் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பது டு வரியில் அப்படியே நிற்கிறது. உங்களுக்கு அதுதான் பிடி. யார் அனுப்பினார், என்ன சப்ஜெக்ட் என்பதை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்து, மேலே தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அமுக்குங்கள். ஒரு படிவம் விரியும். அதில் 'டு' கட்டத்தில் ஆர்டர் ஐடியை முழுதாகப் போடுங்கள், மற்றதெல்லாம் காலி. உடனே ஃபில்டர் போட்டுவிடாதீர்கள். முதலில் 'சர்ச்' அமுக்கி என்னென்ன வருகிறது என்று பாருங்கள். வர வேண்டியது வருகிறது, வேண்டாதது வரவில்லை என்றால் மறுபடி அதே படிவத்தைத் திறந்து 'கிரியேட் ஃபில்டர்'. அடுத்த பக்கத்தில் 'அப்ளை த லேபிள்' என்பதில் 'ஆர்டர்' என்று ஒரு லேபிள் செய்து கொடுங்கள். இப்படியே மற்ற இரண்டு ஐடிக்கும்.

இப்போது டு இடத்தில் உங்கள் ஐடி இல்லாத மெயில். அவர்கள் பி.சி.சி.யில் (பெறுகிறவர் முகவரி மறைந்திருக்கும் கட்டம்) போட்டு அனுப்புகிறார்கள், அதனால்தான் தெரிவதில்லை. இதற்கு ஹோஸ்டிங் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் போதும். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால், அட் குறிக்கு முன்னால், ஒரு கூட்டல் குறி போட்டு என்ன சொல் சேர்த்தாலும் அந்த மெயில் உங்களுக்கே வந்து சேரும். ஆகவே ஃபார்வர்டரில் ஆர்டர் ஐடிக்கு நேராக 'பெயர் கூட்டல் ஆர்டர்' முகவரி, லோடு ஐடிக்கு நேராக 'பெயர் கூட்டல் லோடு' முகவரி என்று மாற்றிவிடுங்கள். கூட்டல் குறியாகவே போட வேண்டும், பிளஸ் என்று எழுத்தில் அல்ல. ஜிமெயிலில் 'ஹேஸ் த வேர்ட்ஸ்' கட்டத்தில் 'டெலிவர்ட் டு' (deliveredto) என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, அந்தக் கூட்டல் முகவரியைச் சேர்த்துக் கொடுங்கள். பி.சி.சி.யில் வந்தாலும் இது பிடிக்கும். இதையும் முதலில் தேடிப் பார்த்துவிட்டே ஃபில்டராக்குங்கள்.

ஐந்து ரோடு ஆறுமுகம் | திங்கள், மதியம் 12.25

அதாவது நான் சொன்ன தேடலைத்தான் நீங்களும் முதலில் செய்யச் சொல்கிறீர்கள்.

அஸ்தம்பட்டி சர்வர் | திங்கள், மதியம் 12.28

ஆமாங்க. ஜிமெயிலில் ஃபில்டர் என்பதே சேமித்து வைத்த தேடல்தான். தேடத் தெரியாதவர் போடும் ஃபில்டர் உருப்படாது. அந்த விதத்தில் நீங்கள் சொல்வது சரிதான்.

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் | திங்கள், மதியம் 2.15

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரச்சினை கொஞ்சம் வேறு. முதலாளி பெங்களூரில் இருக்கிறார். அவருக்கு வருவதையெல்லாம் போனிலிருந்து கையால் ஃபார்வர்ட் செய்கிறார். எனக்கு எல்லாமே அவர் பெயரில்தான் வருகிறது. காபி க்யூரிங் (காய்ந்த காபியைத் தோல் நீக்கித் தரம் பிரிப்பது) செய்கிற இடத்திலிருந்து வந்ததா, மிளகு வியாபாரியா, உர டீலரா, திறந்து பார்த்தால்தான் தெரியும். நவம்பரிலிருந்து பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க எங்கே நேரம்? மழை நாளில் மேலே நெட்டும் சரியாகக் கிடைக்காது.

இன்னொரு சந்தேகம். 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' கொடுத்தால் இன்பாக்ஸ் சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். கொடுத்தால் மெயில் வந்ததே தெரியாமல் போய்விடாதா?

அஸ்தம்பட்டி சர்வர் | திங்கள், மாலை 3.40

மேடம், கையால் ஃபார்வர்ட் செய்த மெயிலில் பழைய அனுப்புநரின் முகவரி உடம்புக்குள் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? 'ஃபார்வர்டட் மெசேஜ்' என்ற கோட்டுக்குக் கீழே ஃப்ரம், டேட், சப்ஜெக்ட், டு என்று வரிசையாக நிற்கும். ஜிமெயில் ஃபில்டர் உடம்பையும் படிக்கும். 'ஃப்ரம்' கட்டத்தில் முதலாளியின் ஐடி, 'ஹேஸ் த வேர்ட்ஸ்' கட்டத்தில் க்யூரிங்காரர்களின் மெயில் முகவரியை மேற்கோள் குறிக்குள் வைத்துக் கொடுங்கள். மிளகு வியாபாரிக்கு ஒன்று, உர டீலருக்கு ஒன்று. பெயரை வைத்து வேண்டாம், பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். முகவரி மாறாது.

சிலர் சப்ஜெக்ட்டில் சதுர அடைப்புக்குறிக்குள் 'அவசரம்' என்று போடச் சொல்லி, அந்த அடைப்புக்குறியோடு ஃபில்டர் போடுவார்கள். ஜிமெயில் தேடலுக்கு அடைப்புக்குறி, ரூபாய்க்குறி மாதிரி குறிகள் கண்ணுக்கே தெரியாது. உள்ளே இருக்கிற சொல் மட்டும்தான் கணக்கு. ஆகவே முதலாளியோடு பேசி வைத்துக்கொள்கிற சொல், சாதாரண மெயிலில் தற்செயலாக வராத சொல்லாக இருக்கட்டும்.

ஸ்கிப் த இன்பாக்ஸ் பற்றி அக்கவுண்ட்ஸ் சார் ஒரு வார்த்தை சொல்லட்டும். லாரி விஷயம் அவருக்குத்தான் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர் | திங்கள், மாலை 5.05

மேடம், எனக்கும் அதே பயம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

சரக்கு லாரி கிளம்பும்போது இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின் சீட்டு) போடுகிறோம். அதற்கு ஆயுள் உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். இந்தூர், நாக்பூர் லோடுக்குப் பல நாள் கிடைக்கும்தான், ஆனால் நடுவில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மூட்டையை மாற்றினால் 'பார்ட் பி'யில் புது வண்டி நம்பரை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டி வழியில் செக்கிங்கில் நிறுத்தினால் வண்டி அங்கேயே நிற்கும், அபராதமும் உண்டு. ஆயுள் முடிகிற நேரமாக இருந்தால் நீட்டிப்பும் இஷ்டத்துக்குப் போட முடியாது. முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும்தான் போர்ட்டல் அனுமதிக்கும். இந்த வண்டி நம்பரை லாரி ஆபீஸ் மெயிலில்தான் அனுப்புகிறது. அது எங்கேயோ ஒரு லேபிளுக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தால் என் கதை என்ன ஆகும்?

ஆடிட்டர் அனுப்பும் ஜி.எஸ்.டி. நினைவூட்டல் வேறு ரகம். ஜி.எஸ்.டி.ஆர். 1 ரிட்டர்ன் மாதாமாதம் 11, 3பி ரிட்டர்ன் 20 என்று தேதி எனக்கே மனப்பாடம். அந்த மெயிலைச் சாயங்காலம் பார்த்தால் குடி முழுகிப் போகாது.

அஸ்தம்பட்டி சர்வர் | திங்கள், மாலை 5.30

பார்த்தீர்களா, ஃபில்டரில் எழுத வேண்டியதை அவரே எழுதிவிட்டார். லேபிள் ஒட்டுவது வேறு, இன்பாக்ஸிலிருந்து தூக்குவது வேறு. மூன்று ஐடிக்கும் லேபிள் ஒட்டுங்கள். தூக்குவது கணக்கு ஐடிக்கு வருவதை மட்டும். அதிலும் முதல் இரண்டு வாரம் தூக்காமல் விட்டுப் பாருங்கள். தப்பான மெயிலில் தப்பான லேபிள் ஒட்டியிருந்தால் இன்பாக்ஸிலேயே கண்ணில் படும்.

லோடு மெயில் வந்தால் போன் கத்த வேண்டும், மற்றதற்குக் கத்தக் கூடாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்பில் செட்டிங்ஸ் போய், உங்கள் கணக்கைத் தட்டி, 'மேனேஜ் லேபிள்ஸ்'. லோடு லேபிளைத் தொட்டு முதலில் 'சிங்க்' போடுங்கள், அதைப் போட்டால்தான் அறிவிப்புக்கான இடம் திறக்கும். அப்புறம் 'லேபிள் நோட்டிஃபிகேஷன்ஸ்', அதற்கு ஒரு தனிச் சத்தம். இன்பாக்ஸுக்கு அறிவிப்பை நிறுத்திவிட்டால் போன் கத்தினாலே லாரிதான். ஏற்காடு மேடமும் க்யூரிங் லேபிளுக்கு மட்டும் இதைச் செய்துகொள்ளலாம்.

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் | திங்கள், இரவு 7.50

இது தெரியாமல் இருந்தேன், ரொம்ப நன்றி தம்பி. ஃபில்டரையும் போனிலேயே போட்டுவிடலாம் என்று பார்த்தால் ஆப்பில் அந்த இடமே காணோம்.

அஸ்தம்பட்டி சர்வர் | திங்கள், இரவு 7.58

ஆப்பில் ஃபில்டர் போட முடியாது மேடம். கம்ப்யூட்டரில் ஒரு தடவை போட்டுவிடுங்கள், அப்புறம் எல்லாம் கூகுள் சர்வரிலேயே நடக்கும். உங்கள் மலையில் நெட் இல்லாத நேரத்தில் வந்த மெயிலுக்கும் லேபிள் ஒட்டிவிடும், சிக்னல் வந்ததும் பிரித்தபடியே வந்து இறங்கும்.

ஓமலூர் ரோடு ஒர்க்‌ஷாப் | செவ்வாய், காலை 9.10

நடுவில் நுழைகிறேன். எங்கள் கம்பெனியில் ஜிமெயில் இல்லை, அவுட்லுக். ஸ்டோர்ஸ் ஐடியும் குவாலிட்டி ஐடியும் எனக்கு வருகிறது. ரூல் போட்டு வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் மட்டும் போனில் எல்லாம் பிரிக்காமல் கொட்டிக் கிடக்கிறது. மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஒழுங்காகிவிடுகிறது. இது என்ன மாயம்?

இன்னொன்று, ஓசூர் கிளையிலிருந்து வருவது எல்லாம் கிளை மேனேஜர் பெயரிலேயே வருகிறது. அவரும் ஆட்டோமேட்டிக்காகத்தான் போட்டிருக்கிறாராம். சர்வர் சொன்ன கணக்குப்படி உண்மையான அனுப்புநர் பெயர் அல்லவா வர வேண்டும்?

அஸ்தம்பட்டி சர்வர் | செவ்வாய், காலை 10.00

நல்ல கேள்வி அண்ணா, இரண்டுமே.

ரூல் பட்டியலைத் திறந்து பாருங்கள். சில ரூல் பெயருக்குப் பக்கத்தில் 'கிளையன்ட் ஒன்லி' என்று அடைப்புக்குள் இருக்கும். அது உங்கள் கம்ப்யூட்டரில் அவுட்லுக் திறந்திருந்தால் மட்டும் ஓடும் ரூல். மெயிலை பி.எஸ்.டி. ஃபைலுக்கு (அவுட்லுக் கம்ப்யூட்டரிலேயே மெயிலைச் சேமிக்கும் ஃபைல்) நகர்த்துவது, சத்தம் போடச் சொல்வது மாதிரி வேலைகளைச் சேர்த்தால் ரூல் அப்படி ஆகிவிடும், ஏனென்றால் அந்த ஃபைல் உங்கள் மெஷினில் இருக்கிறது, சர்வருக்கு எட்டாது. சர்வர் பெட்டிக்குள்ளேயே ஃபோல்டர் வைத்து அங்கே நகர்த்துங்கள். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும்.

கிளை மேனேஜர் விஷயத்தில் அவுட்லுக்குக்கு ஒரு தனிக் குணம். அங்கே ரூலில் 'ஃபார்வர்ட்' என்றும் 'ரீடைரக்ட்' என்றும் இரண்டு உண்டு. ஃபார்வர்ட் ரூல் கையால் அனுப்பிய மாதிரியே அவர் பெயரில் புது மெயிலாகப் போகும். ரீடைரக்ட் போட்டால் முதலில் எழுதியவர் பெயரிலேயே வரும், நீங்கள் ரிப்ளை அடித்தாலும் நேராக அவருக்கே போகும். மேனேஜரை ரீடைரக்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ரூல் தேவையில்லாமல் போய்விடும்.

அவுட்லுக்கில் ஜிமெயிலை விட வசதியானது ஒன்று இருக்கிறது: மெசேஜ் ஹெடரில் (மெயிலோடு மறைவாக வரும் விவர வரிகள்) குறிப்பிட்ட சொல் இருந்தால் என்று நிபந்தனை வைக்கலாம். டு வரியில் தெரியாத முகவரி கூட ஹெடரில் எங்காவது இருந்தால் பிடித்துவிடும். ஜிமெயிலில் இஷ்டப்பட்ட ஹெடரை எடுத்து ஃபில்டர் போட முடியாது. அதனால்தான் நான் நேற்று கூட்டல் குறி வைத்தியம் சொன்னேன்.

ஓமலூர் ரோடு ஒர்க்‌ஷாப் | செவ்வாய், காலை 10.22

பி.எஸ்.டி.தான். மெயில் பெட்டி நிரம்புகிறது என்று முன்பு இருந்தவர் அப்படிச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாற்றிவிடுகிறேன். ரூல் வரிசைக்கு ஏதாவது கணக்கு உண்டா? ஒரே மெயில் இரண்டு ஃபோல்டரில் காப்பியாக நிற்கிறது.

அஸ்தம்பட்டி சர்வர் | செவ்வாய், காலை 10.35

உண்டு. மேலிருந்து கீழாக ஓடும். குறிப்பானது மேலே, பொதுவானது கீழே. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்' டிக் செய்துவிட்டால் இரட்டைக் காப்பி நிற்கும். ஜிமெயிலில் இந்த வரிசை விவகாரமே இல்லை, பொருந்துகிற எல்லா ஃபில்டரும் மொத்தமாக வேலை செய்யும். ஒரு மெயிலில் மூன்று லேபிள் இருந்தாலும் மெயில் ஒன்றுதான். வேண்டாம் என்றால் 'டஸின்ட் ஹேவ்' கட்டத்தில் சொல்லி விலக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பேங்க்காரன் | செவ்வாய், மதியம் 1.15

எல்லாரும் எப்படிப் பிரிப்பது என்று பேசுகிறீர்கள். ஆபீஸ் மெயிலைச் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பலாமா என்று யாரும் கேட்கவில்லையே. மண்டியில் முதலாளியே சொல்லிச் செய்கிறார், அது அவர் இஷ்டம். கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் ஐ.டி. ஆட்களைக் கேட்காமல் வெளியே திருப்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 365 இதைத் தொடக்கத்திலேயே தடுத்துத்தான் வைத்திருக்கிறது. ரூல் போட்டாலும் 5.7.520 என்ற எண்ணோடு மெயில் திரும்பி வரும்.

காரணம் இல்லாமல் தடுக்கவில்லை. ஒருவர் பாஸ்வேர்டைத் திருடினவன் முதலில் செய்கிற வேலையே சத்தமில்லாமல் ஒரு ரூல் போடுவதுதான். 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்று வருகிற மெயிலெல்லாம் அவனுக்கு ஒரு காப்பி போகும், அல்லது உங்கள் கண்ணில் படாத ஃபோல்டருக்குப் போகும். நடுவில் புகுந்து 'எங்கள் அக்கவுண்ட் நம்பர் மாறிவிட்டது' என்று உங்கள் பெயரிலேயே பார்ட்டிக்கு எழுதுவான். பாஸ்வேர்டை மாற்றினாலும் ரூல் அப்படியே இருக்கும். ஆகவே மாதம் ஒரு தடவையாவது உங்கள் ஃபில்டர் பட்டியலையும் ஃபார்வர்டிங் பக்கத்தையும் திறந்து, நீங்கள் போடாதது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அக்கவுண்ட் நம்பர் மாறியது என்று மெயில் வந்தால் பழைய போன் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், மெயிலில் இருக்கிற நம்பருக்கு அல்ல. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

ஐந்து ரோடு ஆறுமுகம் | செவ்வாய், மதியம் 1.40

இது எல்லாவற்றையும் விட முக்கியமான தகவல் சார். ஃபில்டரே வைக்காத நானும் போய்ப் பார்த்தேன். பட்டியல் காலி. நிம்மதி.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர் | புதன், காலை 11.00

தம்பி சொன்னபடி மூன்று லேபிளும் போட்டாயிற்று. லோடுக்கு லாரி ஹாரன் சத்தம் வைத்திருக்கிறேன், மண்டியில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. கணக்கு லேபிளில் பார்ட்டிகள் மெயில் எல்லாம் வருகிறது. ஒரு பேங்க்கிலிருந்து வர வேண்டிய ஸ்டேட்மென்ட் மட்டும் காணோம். ஸ்பேமிலும் இல்லை. ஹோஸ்டிங்கின் வெப்மெயிலில் போய்ப் பார்த்தால் அங்கே இருக்கிறது. ஃபில்டர் அதை எங்கேயாவது விழுங்கிவிட்டதா?

அஸ்தம்பட்டி சர்வர் | புதன், மதியம் 12.20

ஃபில்டர் இல்லை சார், உங்கள் ஜிமெயில் வாசலுக்கே அது வரவில்லை.

பேங்க் மாதிரி இடங்கள் தங்கள் பெயரில் யாரும் போலி மெயில் அனுப்பாமல் இருக்க மூன்று பூட்டு போட்டிருப்பார்கள். எஸ்.பி.எஃப். என்பது எந்தச் சர்வரெல்லாம் எங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது மெயிலின் மேல் போடும் கையெழுத்து. இரண்டும் சரியில்லை என்றால் மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டி.மார்க். பேங்க் உங்கள் கம்பெனி ஐடிக்கு அனுப்புகிறது, அதுவரை சரி. அங்கிருந்து ஜிமெயிலுக்குக் கொண்டுபோகிறது உங்கள் ஹோஸ்டிங் சர்வர். அது பேங்கின் பட்டியலில் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் பேங்க் லெட்டரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தால் வாட்ச்மேன் சந்தேகப்படுவார் அல்லவா, அந்தக் கதைதான். கவரில் முத்திரை உடையாமல் இருந்தால் உள்ளே விடுவார். அந்த முத்திரைதான் டி.கே.ஐ.எம். வழியில் மெயிலின் உடம்பை யாராவது தொட்டால் அது உடையும். சில ஹோஸ்டிங்கில் ஸ்பேம் சோதனை செய்துவிட்டு சப்ஜெக்ட்டில் ஒரு சொல்லை ஒட்டுவார்கள், அடியில் 'வைரஸ் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அது போதும் உடைவதற்கு.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கறாராகிவிட்டது. ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் மூன்றும் வைத்தே ஆக வேண்டும் என்று விதி.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த ஐடிக்கு சப்ஜெக்ட் ஒட்டுவது, அடிவரி சேர்ப்பது இரண்டையும் ஹோஸ்டிங்காரர்களிடம் சொல்லி நிறுத்துங்கள். எஸ்.ஆர்.எஸ். (திருப்பிவிடும்போது கவர் மேல் இருக்கும் அனுப்புநர் முகவரியை ஹோஸ்டிங் தன் பெயருக்கு மாற்றுவது) போட முடியுமா என்று கேளுங்கள், அது எஸ்.பி.எஃப். சிக்கலுக்கு மருந்து. ஆனால் டி.மார்க் ஃப்ரம் வரியில் இருக்கும் டொமைனைத்தான் பார்க்கும், எஸ்.ஆர்.எஸ். அந்த வரியைத் தொடாது. ஆகவே முத்திரை உடைந்திருந்தால் எஸ்.ஆர்.எஸ். மட்டும் காப்பாற்றாது. இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் பேங்க்கில் பதிந்த ஐடியை மாற்றிவிடுவதுதான் சுலபம்.

ஓய்வு பெற்ற பேங்க்காரன் | புதன், மதியம் 12.45

மாற்றுவதானால் கம்பெனி லெட்டர்ஹெட்டில் முதலாளி கையெழுத்தோடு கிளையில் கொடுங்கள். கணக்கு எழுதுகிறவருடைய சொந்த ஜிமெயிலைக் கரண்ட் அக்கவுண்ட்டுக்குப் பதிவு செய்ய வேண்டாம். நாளைக்கு நீங்கள் வேறு கடைக்குப் போனால் ஸ்டேட்மென்ட் உங்களோடு வந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர் | புதன், மாலை 4.30

அது சரிங்க. முதலாளியிடம் சொன்னேன். ஹோஸ்டிங்கில் அடிவரியை நிறுத்திப் பார்க்கலாம், அதுவரை பேங்க் ஸ்டேட்மென்ட்டை வெப்மெயிலில் போய் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக இரண்டு சந்தேகம். நான் ரிப்ளை அடித்தால் என் ஜிமெயில் பெயரில் போகிறது. பார்ட்டிகள் அடுத்த ஆர்டரை நேராக என் ஜிமெயிலுக்கே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி வருவதற்கு லேபிளே ஒட்டுவதில்லை. இரண்டாவது, ஏற்கெனவே குவிந்து கிடக்கிற பழைய மெயிலுக்கும் லேபிள் ஒட்ட முடியுமா?

அஸ்தம்பட்டி சர்வர் | புதன், மாலை 5.10

முதலாவதற்கு, ஜிமெயில் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பக்கத்தில் 'சென்ட் மெயில் அஸ்' இருக்கிறது. ஹோஸ்டிங்கின் எஸ்.எம்.டி.பி. (மெயில் அனுப்பும் சர்வர்) விவரம் கொடுத்து மூன்று கம்பெனி ஐடியையும் சேர்த்துவிடுங்கள். கீழேயே 'எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே ரிப்ளை' என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். ஆர்டர் ஐடிக்கு வந்ததற்கு ஆர்டர் ஐடியிலிருந்தே பதில் போகும், பார்ட்டியும் அதற்கே திருப்பி எழுதுவார், ஃபில்டரும் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாத வரைக்கும் எத்தனை ஃபில்டர் போட்டாலும் ஓட்டை வாளிதான். நேராக எழுதப் பழகிவிட்டவர்களுக்கு மட்டும் தற்காலிகமாக அனுப்புநர் முகவரி வைத்து ஒரு ஃபில்டர் போட்டு, 'பிரிக்காதது' என்று லேபிள் கொடுங்கள்.

பழைய மெயிலுக்கு, ஃபில்டரைத் திருத்துகிற கடைசிப் பக்கத்தில் 'பொருந்துகிற பழைய உரையாடல்களுக்கும் பயன்படுத்து' என்ற டிக் இருக்கும். அதைப் போட்டால் பழையதற்கும் ஒட்டிவிடும். ஆனால் கூட்டல் குறி முகவரி நீங்கள் இந்த வாரம்தான் வைத்தது, அதற்கு முன் பி.சி.சி.யில் வந்தவை அதில் மாட்டாது. அவற்றை லாரி ஆபீஸ் முகவரி வைத்துத் தேடி, மொத்தமாக டிக் செய்து, கையால் லேபிள் ஒட்டிவிடுங்கள்.

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் | புதன், இரவு 8.20

தம்பி, எனக்கும் ஒன்று. என் ஃபில்டரை அப்படியே எங்கள் ரைட்டர் ஜிமெயிலுக்கும் கொடுக்க வேண்டும். மறுபடி ஒவ்வொன்றாக அடிக்க வேண்டுமா?

அஸ்தம்பட்டி சர்வர் | புதன், இரவு 8.41

வேண்டாம் மேடம். ஃபில்டர் பட்டியலில் வேண்டியதை டிக் செய்தால் அடியில் 'எக்ஸ்போர்ட்'. ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல் இறங்கும். அதை ரைட்டரின் ஜிமெயிலில் அதே பக்கத்தில் 'இம்போர்ட்' செய்தால் முடிந்தது. ஃபார்வர்ட் செய்கிற ஃபில்டர் ஏதாவது வைத்திருந்தால் அதை மட்டும் டிக் எடுத்துவிடுங்கள். அவர் உங்களுக்கு, நீங்கள் அவருக்கு என்று மெயில் சுற்ற ஆரம்பித்துவிடும்.